ரத்தம் பார்க்கப் போகும் அணி

எங்கள் அணி இதுவரை ஒரு மேட்சிலும் ஜெயித்ததில்லை. யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வருடத்தில் மூன்று முறை, ஏதாவது ஒரு சனிக்கிழமை, விளையாட்டுக்காரர்கள் ஆறு பேரும் அம்பயர் ஒருவரும் விடிந்ததும் வேனில் ஏறி ரத்தினபுரிக்குப் போவோம். பின்னேரம் சேறும் வியர்வையுமாகத் திரும்புவோம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் வேன் நின்றதும் யாராவது ஒருவர் கேட்பார்.

"என்னங்கடா, இந்தவாட்டியும் ஊத்திக்கிச்சா?"

"எட்டு ரன்னுல போச்சு மாமா."

"போனவாட்டி மழைன்னீங்க. அதுக்கு முந்துனவாட்டி அம்பயர் சரியில்லைன்னீங்க."

"அம்பயர் இன்னும் சரியாகல மாமா."

அம்பயர் நான்.

உண்மையில் ரத்தினபுரியில் எந்த மைதானத்திலும் நாங்கள் கால் வைத்ததில்லை. பாலியல் நோய்களுக்கான அரசாங்க கிளினிக்குக்குப் போய், எச்.ஐ.வி. இருக்கிறதா என்று ரத்தம் பார்த்துவிட்டு வருவோம். நாங்கள் ஏழு பேரும் ஆண்களை விரும்பும் ஆண்கள். இரண்டு பேர் பெண்களையும் விரும்புகிறவர்கள். அவர்களுக்கு மனைவி, பிள்ளைகள் உண்டு. எங்களுக்குள் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. 'நம்மாளு' என்போம். அது போதுமானதாக இருந்தது.

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பிரதேச நிருபர். மண்சரிவு, சம்பளப் போராட்டம், குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் என்று பத்துப் பதினைந்து வரிகளில் எழுதி அனுப்புவது என் தொழில். எங்களைப் பற்றி எழுதினால் பத்திரிகை எந்தச் சொல்லைப் போடும் என்று தெரிந்ததால் இதுவரை எழுதியதில்லை. ஆனால் இந்த மலைகளில் நான் பார்த்த ஒழுங்குகளில் இந்த அணியின் ஒழுங்குக்குச் சமமாக இன்னொன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

ஒழுங்கை உண்டாக்கியவர் கேப்டன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். நாற்பது வயதுக்குள் இருப்பார். விடியுமுன் மலைக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து வெட்டிவிட்டு, வெயில் ஏறும்போது இரண்டு கையிலும் வாளியோடு பால் ஸ்டோருக்கு இறங்கி வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த அக்காவோடு ஒரே லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில், இருக்கிறார். சேர்ச்சில் பின்வரிசையில் நின்று பாடுவார். குரல் சுமார்தான். ஆனால் ஒரு பாட்டிலும் வார்த்தை பிசகியதில்லை.

பக்கத்து டிவிஷனில் பால் வெட்டிய ஒருவர் சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார். மஞ்சள் காமாலை என்று தோட்டத்தில் சொன்னார்கள். செய்வினை என்றும் சொன்னார்கள். எங்களுக்குக் காரணம் தெரியும். அவர் கேப்டனுக்கு யார் என்பதும் தெரியும்; ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று, பஸாரில் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு கேப்டன் எங்களிடம் சொன்னார்.

"மருந்து இல்லாம சாகலங்க அவன். மருந்து சும்மா குடுக்குறாங்க. ரத்தம் பார்க்காம செத்தான்."

அடுத்த மாதமே முதல் மேட்ச்.

கேகாலையில் இருக்கும் கிளினிக்தான் எங்களுக்குக் கிட்ட. ஆனால் பெரிய வருத்தம், நோய் என்றால் எங்கள் தோட்டத்து ஆட்கள் போவதும் கேகாலைக்குத்தான். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது ஒரு சித்தப்பா நிற்பார். "இங்க எங்கடா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் கரவனல்லை, அவிசாவளை, குருவிட்ட என்று சுற்றிக்கொண்டு ரத்தினபுரிக்குப் போகிறோம். ரத்தினபுரிப் பக்கத்து நம்மாளுங்கள் கேகாலைக்குப் போகிறார்கள் என்று பிறகு அறிந்தேன். அவிசாவளைச் சந்தியில் எங்கள் வேனும் அவர்களுடைய வேனும் எத்தனையோ தடவை ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும்.

கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். இப்போது எச்சிலில் பார்க்கும் பெட்டி வந்துவிட்டதே, ஒன்லைனில் சொன்னால் வீட்டுக்கே அனுப்புவார்களே, எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று. கேள்வி நியாயமானது. ஆனால் தோட்டத்துக்கு வரும் தபால் முதலில் தோட்ட ஒஃபீஸுக்குப் போகும். அங்கிருந்து யார் கையில் கிடைக்கிறதோ அவர் கொண்டு வருவார். லயத்துக்கு வந்து சேர்வதற்குள் பார்சலை நாலு பேர் அமுக்கிப் பார்த்திருப்பார்கள், ரெண்டு பேர் குலுக்கிப் பார்த்திருப்பார்கள். ஒரு காம்பராவில் ஐந்து பேர் படுக்கும் இடத்தில் அந்தக் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு முடிவுக்காகத் தனியாக உட்கார மூலை எது? கேப்டன் சொன்ன காரணம் வேறு. "தனியா பார்த்து, தனியா தெரிஞ்சுக்கிட்டா, தனியா என்ன பண்ணுவான்? ரப்பர் மலை பூரா மரம்தான்." அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

கிரிக்கெட் என்ற யோசனையும் அவருடையதுதான். ஆறு பேர் ஆடும் மென்பந்து மேட்ச் என்றால் எந்த ஊருக்கும் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தோற்பது என்ற முடிவும் அவருடையது. ஒருமுறையாவது ஜெயித்ததாகச் சொல்லலாமே என்று வேன் ஓட்டுகிறவர், அவரும் அணியில் ஒருவர், கெஞ்சினார்.

"அசிங்கமா இருக்குண்ணே. எங்க வீட்டுல எங்கம்மாவே சிரிக்குது."

"ஜெயிச்சா கப்பு எங்கன்னு கேப்பாங்க. தோத்தா எவனும் எதையும் கேக்க மாட்டான்" என்றார் கேப்டன்.

அவர் போட்ட விதிகள் கொஞ்சம்தான். வேனில் வந்த எல்லோரும் உள்ளே போய் ரத்தம் கொடுக்க வேண்டும், பயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பந்து போடாத கையைக் கொடுக்க வேண்டும். உள்ளே என்ன சொன்னார்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கடைசி ஆள் வெளியே வரும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. காத்திருக்கும் இடத்தில் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்போல் காட்டிக்கொள்ளக் கூடாது. ஆளுக்கொரு மூலை, கண் போனில். கிளினிக்கில் பேர் தேவையில்லை, நம்பர்தான். நம்பர் கூப்பிட்டதும் ஒருவர் எழுந்து போவார். மற்ற ஆறு பேரும் தலையை நிமிர்த்தமாட்டார்கள். யார் எப்போது உள்ளே போனார், எவ்வளவு நேரம் இருந்தார், என்ன முகத்தோடு வந்தார் என்பதைப் பார்க்காமல் இருப்பதே நாங்கள் ஒருவருக்கொருவர் செய்யும் மரியாதை.

நான் எல்லாவற்றையும் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். எனக்கு அது கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் பழகிக்கொண்டேன்.

அங்கே இருக்கும் நர்ஸ் மிஸ் சிங்களத்தில்தான் பேசுவார். எங்கள் எல்லோருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. விரலில் குத்திச் சொட்டு எடுத்து அன்றைக்கே ஒரு முடிவு சொல்வார்கள். மற்ற நோய்களுக்கும் பார்க்க முழங்கை மடிப்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து பிளாஸ்டர் ஒட்டி அனுப்புவார்கள். "பய வென்ன எப்பா மல்லி", பயப்படாதே தம்பி, என்று அவர் சொல்லாமல் ஒரு ஊசியும் இறங்கியதில்லை. வீடு கட்டும் ஐம்பது வயது மேசனையும் மல்லி என்றுதான் சொல்வார். எங்கள் அணியில் இரண்டு மேசன்கள்.

திரும்பும் வழியில் குருவிட்டவுக்கு இந்தப் பக்கம் ஒரு வெறும் நிலம் இருக்கிறது. மாணிக்கக் கல்லுக்காகத் தோண்டி மூடிய இடம். மழை நாளில் சேறு, வெயில் நாளில் புழுதி. அங்கே வேனை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் மூன்று பேர் மூன்று பேராகப் பிரிந்து உண்மையாகவே விளையாடுவோம். உடுப்பு அழுக்காக வேண்டும் அல்லவா? விக்கட் கீப்பர் பஸாரில் துணிக்கடையில் நிற்பவர், முஸ்லிம், மனைவியும் சின்னப் பிள்ளையும் இருக்கிறார்கள். எவ்வளவு அழுக்கு, எந்த இடத்தில் என்பதை அவர்தான் தீர்மானிப்பார்.

"முட்டியில பூசு மச்சான். முதுகுல பூசினா ஏண்டா மல்லாக்க விழுந்த எண்டு கேப்பாங்க."

விளையாட்டு என்னவோ பொய்க்காகத் தொடங்கியதுதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் ஆடியதைப் பார்த்தவர்கள் வெகு நல்ல அணி என்று சொல்லியிருப்பார்கள். நல்ல முடிவோடு வந்தவனுக்குக் கால் தரையில் நிற்பதில்லை. ஒருவன் மட்டும் சோர்ந்து நின்றால் அவனைப் பந்து போடச் சொல்வார்கள், விக்கட் எடுக்கும்வரை போடச் சொல்வார்கள், யாராவது ஒருவர் வேண்டுமென்றே அவுட் ஆவார். ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அம்பயர் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கிறார். பந்து போடுகிறவர்கள் ஒவ்வொருவராக அவரை உரசிக்கொண்டு ஓடுகிறார்கள். சட்டைக் கையை மடித்திருக்கிறார்கள். அப்படித்தான் நான் பார்த்தேன். வேன்காரரின் இடது கையில் பஞ்சும் பிளாஸ்டரும். மேசன்கள் இருவருக்கும் அதே. தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருக்கும் ஒருவர், இடது கைப் பந்து வீச்சாளர், அவருக்கு வலது கையில். கேப்டன் ஓடிவந்தார். இரண்டு முழங்கை மடிப்பும் சுத்தமாக இருந்தன.

பிளாஸ்டரைப் பிடுங்கி எறிந்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த மேட்சிலும் பார்த்தேன். அதற்கு அடுத்ததிலும். ஊசி இறங்கிய இடத்தில் ஒரு புள்ளியாவது இருக்கும். இல்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, எங்கள் பயத்தைச் சிரிக்கவைத்தே போக்கி, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி, தனக்கென்று நம்பர் எடுக்காமலே கடைசி ஆளாக எழுந்து அந்த வராந்தா வழியாக நடந்து, கக்கூஸ் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். தலையை நிமிர்த்தாத ஆறு பேருக்கு நடுவில் அது ஒரு கஷ்டமும் இல்லாத காரியம். பார்க்கக் கூடாது என்ற விதியைப் போட்டவரே அதற்குள் ஒளிந்துகொண்டார். நாங்களும் மரியாதையாக விட்டுவிட்டோம்.

கேட்கக் கூடாது என்பது விதி. நான் கேட்கவில்லை.

பிறகு மழைக் காலத்தில் அவருக்கு அக்கி வந்தது. விலாவிலிருந்து முதுகுவரை கொப்புளம். தோட்டத்தில் அக்கி எழுதத் தெரிந்த ஒருவர் செங்காவி குழைத்து அவர் உடம்பில் சிங்கம் வரைந்திருந்தார். நான் பார்க்கப் போனபோது காம்பரா வாசலில் சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருந்தார். சிங்கத்தைவிட எனக்கு முதலில் தெரிந்தது அவருடைய விலா எலும்பு.

"சிங்கம் எப்படி இருக்கு?" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

"ஒங்களவிடச் சதைப்பிடிப்பா இருக்கு."

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

திரும்பும்போது அவருடைய அக்கா படிவரைக்கும் கூடவே வந்தார். "சார், நீங்க பேப்பர்ல எழுதுற ஆளு. நாலு டாக்டரத் தெரிஞ்சிருக்கும். இவன எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. ராத்திரிக்கு வேர்த்து ஊத்துது. தோட்டத்து மருந்துக்காரர் வைட்டமின்தான் குடுக்குறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். கிரிக்கெட்டுக்கு மட்டும் போறான், அதுவும் தோக்குறதுக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவன் கூட்டாளி இப்படித்தான் எளச்சுப் போனாரு."

அந்த அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கணக்குப் போடவில்லை. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் சிங்களப் போஸ்டரில் அக்கியின் படமும் உண்டு என்பது எனக்குத் தெரியும். வயதாகாதவருக்கு அது வந்தால் ரத்தம் பாருங்கள் என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் போஸ்டருக்கு எதிரில்தான் கேப்டன் எப்போதும் உட்காருவார்.

மறுநாள் துணிக்கடைக்குப் போனேன். விக்கட் கீப்பர் ஒரு அம்மாவுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா போகும்வரை நின்று, கவுண்டரில் குனிந்து சொன்னேன். "கேப்டன் ரத்தமே குடுக்குறது இல்ல."

அவர் சேலையை மடித்துக்கொண்டே இருந்தார். "தெரியும் அம்பயர்."

"எப்படி?"

"விக்கட்டுக்குப் பின்னால நிக்கிறவன் நான். பேட் புடிக்கிற கை எனக்கு நேரா இரிக்கி. ரெண்டு வருசமாக் கண்டுகிட்டுத்தான் இரிக்கேன்."

"சொல்லவே இல்லையே."

"கேக்கக் கூடாதுதானே. நீங்க சொன்னீங்களா?"

வேன்காரரிடம் போனோம். அவருக்கும் தெரிந்திருந்தது. மேசன்களுக்குத் தெரிந்திருந்தது. கிளார்க் முதல் வருடத்திலேயே கண்டுபிடித்துவிட்டு, தனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று சுமந்துகொண்டிருந்தார். ஒரே விஷயத்தை ஆறு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஆறு பேரும் விதியைக் காப்பாற்றியிருக்கிறோம். இப்படி ஒரு தவறு எங்களால் மட்டும்தான் செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எந்த ஆறு பேராக இருந்தாலும் முதல் மாதமே யாராவது ஒருவர் வம்பு பேசிக் கேப்டனின் உயிரைக் காப்பாற்றியிருப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய மேட்ச் வந்தது. அக்கி காய்ந்திருந்தது. கேப்டன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார், அவிசாவளையில் தேத்தண்ணி குடிக்கும்போதும் கழற்றவில்லை. வழக்கம்போல ஸ்கோரைத் தீர்மானித்தோம். பன்னிரண்டு ரன்னில் தோல்வி. கிளினிக்குக்குப் பக்கத்து ஒழுங்கையில், அந்தக் குறுகிய சந்தில், ஒரு மாமரத்தடியில் வேன் நின்றது. கேப்டன் கதவைத் திறந்தார்.

"எறங்குங்க. கொஞ்சம் கொஞ்சம் எடவெளி விட்டுப் போங்க."

யாரும் அசையவில்லை.

"என்னடா, கால் மரத்துப்போச்சா?"

வேன்காரர் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இன்னைக்குக் கேப்டன் ஓப்பனிங் போகட்டும்."

"நான் கடைசியாத்தானே போவேன்."

"அதான்ணே. இன்னைக்கு மொதல்ல."

மேசன்களில் ஒருவர் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"எனக்கு முந்தியே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

"கேக்கக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கு."

"ஒங்க ரிசல்ட்ட எவனும் கேக்கல்ல நானா" என்றார் விக்கட் கீப்பர். அண்ணனை நானா என்பது அவர்கள் வழக்கம். "இனியும் கேக்க மாட்டோம். வந்தவங்க எல்லாரும் உள்ள போகணும் எண்டு நீங்கதான் ரூல் போட்டீங்க. போங்க எண்டு மட்டும்தான் சொல்றோம். நீங்க போற வரைக்கும் நாங்களும் போகல்ல."

கேப்டன் வேனின் படியில் உட்கார்ந்தார். ஸ்வெட்டருக்குள் தோள் இரண்டும் தொங்கிப்போயிருந்தன.

"எனக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும்டா. அவன்கூட இருந்தவன் நான். ரத்தம் பார்த்துத்தான் தெரியணுமா?"

"அப்ப ஏண்ணே மருந்து எடுக்கல?" கேட்டவர் கிளார்க். எங்களில் அதிகம் பேசாதவர் அவர்தான்.

"மருந்து எடுத்தா அடிக்கடி இங்க வரணும். ஒங்களுக்குத் தெரிஞ்சுரும். கேப்டனுக்கே வந்திருச்சுன்னு ஆகும். அப்பறம் எவன் வேன்ல ஏறுவான்? ஆளாளுக்கு லயத்துக்குள்ள பூந்துக்குவீங்க. மொத மேட்சுக்கு ஒங்களக் கூட்டிட்டு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தா, இவன்," என்று வேன்காரரைக் காட்டினார், "குருவிட்டயில வண்டிய நிப்பாட்டிட்டு அழுதான்."

"டயர் பஞ்சர்னு அழுதேன்" என்றார் வேன்காரர்.

"நாலு டயரும் நல்லாத்தான் இருந்துச்சு."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், கேப்டனும். சிரிப்பு அடங்கியதும் கிளார்க் அதே குரலில் கேட்டார். "எங்களுக்காக நீங்க செத்துப் போவீங்களாண்ணே?"

கேப்டன் நினைத்தது தப்பு. ஆனால் அது சின்ன மனசுக்காரன் செய்யும் தப்பு அல்ல. ஆறு பேர் தொடர்ந்து ரத்தம் பார்ப்பதற்குத் தன் உயிர்தான் விலை என்று அவராகவே தீர்மானித்து, யாரிடமும் சொல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ தலைவர்களின் பேச்சைக் குறிப்பெடுத்திருக்கிறேன். தியாகம் என்ற சொல் அவற்றில் தாராளமாக வரும். அந்த வேன் படியில் அது ஒரு தடவையும் வரவில்லை.

"கிளினிக் பன்னெண்டுக்கு மூடிருவாங்க" என்றார் வேன்காரர். "வேன்ல ஏசியும் இல்ல. சட்டுனு முடிவு பண்ணுங்க."

கேப்டன் எழுந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி இருக்கையில் வைத்தார். ஒழுங்கையைத் தாண்டி நேராக வாசலுக்குப் போனார். நாங்கள் பின்னால் போய் வராந்தா பெஞ்சில் வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். யாரும் போனை எடுக்கவில்லை. அவருடைய நம்பரைக் கூப்பிட்டதும் ஆறு பேரும் தலையை நிமிர்த்திப் பார்த்தோம். அவர் கக்கூஸ் பக்கம் திரும்பவில்லை.

வெகு நேரம் எடுத்தது. முதலில் ரத்தம் எடுக்கும் அறை, பிறகு வெளியே சிறிது நேரம், பிறகு டாக்டரம்மாவின் அறை. அந்தக் கதவு சாத்தியபோது விக்கட் கீப்பர் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டார். மேசன்களில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். கதவு திறந்து கேப்டன் வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் கழுவியிருந்தார். எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். யாரும் கேட்கவில்லை.

"இருக்காம்" என்றார். "நிச்சயப்படுத்த இன்னொரு தடவை ரத்தம் எடுத்திருக்காங்க. டாக்டரம்மா பேசுன வெதத்தப் பார்த்தா அதுல மாத்தம் இல்ல. லேட்டாத்தான் வந்திருக்கேனாம். ஆனா ரொம்ப லேட்டாகலையாம். மாத்திரைய விடாம போட்டா பால் வெட்டலாமாம், ஆயுசும் இருக்குமாம். நாள்போக்குல எங்கிட்ட இருந்து அடுத்தவங்களுக்கும் போகாதாம்."

அவர் போட்ட விதியை அவரே உடைத்துவிட்டார். பிறகு எங்களை ஒருமுறை பார்த்தார். நான் அவரிடம் முன்பு ஒருநாளும் காணாத பார்வை அது. பயம் என்று எழுதலாம். அதைவிடச் சரியான சொல் கிடைக்கவில்லை.

"சொல்லிட்டேன். இப்ப வீட்டுக்குப் போகணும்னு யாருக்காவது தோணுனா சொல்லுங்க. வேன் நிக்குது. ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

விக்கட் கீப்பர்தான் எழுந்தார். எங்களில் இழப்பதற்கு அதிகம் உள்ளவர் அவர். வீட்டில் மனைவி இருக்கிறார், பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது. போனை எடுத்துக் கேப்டன் கையில் கொடுத்தார். "வைச்சிக்கோங்க நானா. வீட்டுல இருந்து கோல் வந்தா ஃபீல்டிங்ல நிக்கிறான் எண்டு சொல்லுங்க." உள்ளே போனார்.

பிறகு வேன்காரர், சாவியைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு. மேசன்கள் இருவரும் நீ போ நான் போ என்று தள்ளிக்கொண்டு போனார்கள். கிளார்க் எழுந்து நின்றார், ஆனால் நடக்கவில்லை. கேப்டன் தன்னிடமிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். "குடிச்சிட்டுப் போ. வெறும் வயித்துல மயங்கி விழுந்துறாத."

இப்போது கேப்டன் மாத்திரை எடுக்கிறார். எடை கூடியிருக்கிறது. ரப்பர் மலையில் பழையபடி வரிசை வெட்டுகிறார். அக்காவிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தினமும் மாத்திரை போட்டாயா என்று கேட்கிறவர் அக்காதான். அணியில் மாற்றம் இல்லாமல் இல்லை. மேசன்களில் ஒருவர் அதற்கு அடுத்த மேட்சுக்குப் பிறகு கொழும்பில் வேலை என்று போய்விட்டார். அங்கே ரத்தம் பார்க்கிறாரா என்று தெரியவில்லை, கேப்டனுக்கு அந்தக் கவலை இன்னும் உண்டு. அவர் இடத்துக்குத் தெரணியகலைப் பக்கத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நோய் வராமல் முன்கூட்டியே போடும் மாத்திரையை விக்கட் கீப்பரும் அந்தப் புதியவரும் எடுக்கிறார்கள். கேட்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. பார்க்கக் கூடாது என்ற விதியைக் கைவிட்டுவிட்டோம். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது கேப்டன் சொன்னது இவ்வளவுதான்: "பேரு வேணாம், தோட்டத்துப் பேரும் வேணாம். மத்தது எல்லாத்தையும் போடுங்க. எவனாவது படிச்சிட்டு வரட்டும்."

கேப்டன் முதலில் உள்ளே போன அந்த நாளில் கடைசியாக என் முறை வந்தது. பன்னிரண்டு மணி நெருங்கிவிட்டது. நர்ஸ் மிஸ் என் இடது கையில் ரத்தம் எடுத்து, பஞ்சை அழுத்தி, பிளாஸ்டரை ஒட்டினார். வராந்தாவில் வேன்காரர் எதற்கோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. கேப்டன் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ் எழுந்து கதவுப் பக்கம் போய், வெளியே இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா, சாத்திவிடலாமா என்று சிங்களத்தில் கேட்டார்.

இல்லை மிஸ், நாங்கள் எல்லோரும் வந்துவிட்டோம் என்றேன்.